மனச்சிதைவு நோயில் எதிர்ப்பு மண்டலத்துக்கு என்ன வேலை?

மனச்சிதைவு நோய்க்கும் நம் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் மரபணு வழியாக ஒரு தொடர்பு இருக்கிறது. இதைச் சொன்ன உடனே பலரும் கேட்பது, "அப்போ எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மனநோய் வருமா, சக்தியைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடுமா?" என்பதுதான். கேள்வி நியாயமானது, பதில் இல்லை என்பது. ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது கிட்டத்தட்ட இதற்கு எதிர்த்திசையில் போகிறது. கிருமியை அழிப்பதற்காக உடம்பு வைத்திருக்கும் ஒரு புரதம் மூளைக்குள் வேறொரு வேலையையும் செய்கிறது, அந்தப் புரதம் கூடுதலாக உற்பத்தியாகும் வகை மரபணு உள்ளவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு சற்றே அதிகம். இந்த 'சற்றே' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் செய்தியாக வரும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.

முதலில், மனச்சிதைவு நோயில் வரும் சைக்கோசிஸ் என்ற நிலை என்ன என்று பார்த்துவிடுவோம். யாரும் பேசாதபோது குரல் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து தன் மனதைப் படிக்கிறார் என்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு கோர்வை இல்லாமல் சிதறுவது, இப்படி நிஜத்தோடு இருக்கும் பிடி தளர்ந்துபோகும் நிலைக்கு அந்தப் பெயர். அது ஒரு அறிகுறித் தொகுப்பு, காரணம் பல இருக்கலாம்: போதைப்பொருள், தைராய்டு கோளாறு, மூளைத் தொற்று, தீவிரமான இருதுருவ மனநிலைக் கோளாறு. சைக்கோசிஸ் வரும் நோய்களில் நீண்டகாலம் நீடிப்பதும் அதிகம் ஆராயப்பட்டதும் ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோய். தோராயமாக நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது, பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ ஆரம்பிக்கும். இந்த வயதுக் கணக்கு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இந்த நோயில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது இரட்டையர் ஆய்வுகளில் இருந்து ரொம்ப நாளாகவே தெரியும். ஆட்களுக்கிடையே இந்த நோய் வரும் வாய்ப்பில் இருக்கும் வேறுபாட்டில் 80 சதவீதம் அளவுக்கு மரபணு காரணம் என்று அவை மதிப்பிடுகின்றன. இதைப் பலரும் "அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு 80 சதவீதம் வரும்" என்று படித்துவிடுகிறார்கள், அது தவறு. மரபணு முழுக்க ஒன்றாக இருக்கும் அச்சு அசலாக ஒரேமாதிரி இருக்கும் இரட்டையரிலேயே ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவாகத்தான் நடக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று, அதாவது பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் இடங்களில் இந்த ஒன்பதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

சரி, எந்த மரபணு? ஒரே ஒரு மரபணுவைத் தேடி பல ஆண்டுகள் போயின, எதுவும் நிலைக்கவில்லை. பிறகு முறையை மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளையும் ஆயிரக்கணக்கான நோயில்லாதவர்களையும் எடுத்து, ஒவ்வொருவர் டிஎன்ஏவிலும் லட்சக்கணக்கான இடங்களில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்து, நோயாளிகளிடம் எந்த எழுத்து கொஞ்சம் கூடுதலாகத் தென்படுகிறது என்று எண்ணினார்கள். முன்கூட்டியே எதையும் சந்தேகப்படாமல் முழு மரபணுத் தொகுப்பையும் அலசும் முறை இது. 2009இல் மூன்று பெரிய குழுக்கள் தனித்தனியாகச் செய்த இப்படிப்பட்ட ஆய்வுகள் நேச்சர் இதழில் ஒரே சமயத்தில் வந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்த இடம் ஆறாவது குரோமோசோமில் இருந்தது, அதுவும் எதிர்பாராத பகுதியில்.

அந்தப் பகுதிக்கு எம்எச்சி என்று பெயர். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையில் 'எச்எல்ஏ பொருந்துகிறதா' என்று பார்ப்பார்களே, அந்த எச்எல்ஏ மரபணுக்கள் இருக்கும் இடம் அதுதான். எது என் செல், எது வெளியாள் என்று உடம்பு அடையாளம் காண்பதற்கான தகவல் பெரும்பகுதி அங்கே குவிந்திருக்கிறது. முடக்குவாதம், முதல் வகை நீரிழிவு என்று எத்தனையோ தன்தாக்கு நோய்களுக்கு (எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் நோய்கள்) அந்தப் பகுதியோடு தொடர்பு இருப்பது ஏற்கெனவே தெரியும். மூளைநோய் என்று நினைத்த ஒன்றுக்கு மிக வலுவான மரபணுத் தொடர்பு அங்கே போய் நின்றதும் எல்லோரும் திகைத்துப்போனார்கள்.

ஆனால் அந்தப் பகுதி ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய தலைவலி. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, தலைமுறை மாறும்போது பெரிய பெரிய துண்டுகளாக ஒன்றாகவே கைமாறுகின்றன. அதனால் ஒரு துண்டில் சந்தேகம் வந்தால் அதில் இருக்கும் எல்லாருமே குற்றவாளி போலத் தெரிவார்கள், உண்மையில் யார் செய்தது என்று பிரிப்பது மிகக் கடினம். பிரித்துச் சொல்ல 2016 வரை ஆனது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியையும் பிராட் இன்ஸ்டிடியூட்டையும் சேர்ந்த ஸ்டீவன் மெக்கரால் குழுவில் அஸ்வின் சேகர் முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரையில் அந்த மரபணுவின் பெயர் வந்தது: சி4.

சி4 ஒரு பழைய, நன்றாகத் தெரிந்த புரதம். மருத்துவக் கல்லூரி பாடப்புத்தகத்தில் 'காம்ப்ளிமென்ட்' என்ற தலைப்பில் இருக்கும். ரத்தத்தில் கிருமி நுழைந்தால் காம்ப்ளிமென்ட் புரதங்கள் வரிசையாக ஒன்றை ஒன்று தூண்டும். சி4 தூண்டப்பட்டு அடுத்து சி3 தூண்டப்படும், அது போய்க் கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டலைப் பார்த்ததும் விழுங்கும் செல்கள் வந்து கிருமியைத் தின்றுவிடும். செத்துப்போன செல்களின் குப்பையையும் இதே வழியில்தான் உடம்பு அப்புறப்படுத்துகிறது.

இந்த மரபணுவில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நம்மில் எல்லாருக்கும் இது ஒரே எண்ணிக்கையில் இல்லை. சி4ஏ, சி4பி என்று இரண்டு வகை, ஒருவருக்கு ஏ இரண்டு பி ஒன்று, இன்னொருவருக்கு ஏ நான்கு பி எதுவுமே இல்லை, இப்படிக் கலந்து வரும். போதாக்குறைக்கு ஒவ்வொன்றிலும் நீளமானது, குட்டையானது என்று இரண்டு வடிவம். நீளமானதில் கூடுதலாக இருக்கும் துண்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? வெகு காலத்துக்கு முன் நம் பரிணாம முன்னோர்களின் டிஎன்ஏவுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு ரெட்ரோவைரஸின் எச்சம். அந்த எச்சம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து சி4ஏ எவ்வளவு உற்பத்தியாகும் என்பது மாறுகிறது. வழக்கமான மரபணுச் சோதனை இந்த எண்ணிக்கை வேறுபாட்டைக் காட்டாது என்பதால், அந்தக் குழு இதை அளக்கத் தனியாக ஒரு முறையை உருவாக்க வேண்டியிருந்தது. அப்புறம் இறந்தவர்கள் தானமாக விட்டுச்சென்ற மூளைத் திசுவில் சி4 எந்த வடிவத்துக்கு எவ்வளவு உற்பத்தியாகிறது என்று அளந்து, அந்தக் கணக்கை 28,799 நோயாளிகள், 35,986 நோயில்லாதவர்கள் ஆகியோரின் மரபணுத் தகவலோடு பொருத்திப் பார்த்தார்கள். மூளையில் சி4ஏ எந்த அளவுக்குக் கூடுதலாக உற்பத்தியாகும் வடிவமோ, அந்த அளவுக்கு நோய் வாய்ப்பும் படிப்படியாக ஏறியது. எனக்கு இந்த ஆய்வில் மிகப் பிடித்தது இந்தப் படிப்படியான ஏற்றம்தான், தற்செயலாக வந்த தொடர்பு இவ்வளவு ஒழுங்காக ஏறாது.

சரி, கிருமியைக் கொல்லும் புரதத்துக்கு மூளையில் என்ன வேலை?

மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கவாத்து தெரியும். செடி தழைத்துக் கிடக்கிறதே என்று விட்டுவிட்டால் பூ குறையும், வேண்டாத கிளைகளை வெட்டிவிட்டால்தான் மற்ற கிளைகளில் மொட்டு பிடிக்கும், அதற்காகக் கண்மூடித்தனமாக வெட்டினால் செடியே நலிந்துவிடும். மூளை இப்படித்தான் வளர்கிறது. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளுக்கு சினாப்ஸ் என்று பெயர். குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மிக அதிகமான சினாப்ஸ்கள் உருவாகிவிடுகின்றன, பிறகு பயன்படாதவை நீக்கப்படுகின்றன. நெற்றிக்குப் பின்னால், திட்டமிடவும் யோசிக்கவும் உதவும் பகுதியில் இந்த நீக்கும் வேலை பதின்வயது முழுக்க நடந்து இருபதுகளுக்குள்ளும் நீள்கிறது. மனச்சிதைவு தலைகாட்டும் அதே வயது. 1982லேயே இர்வின் ஃபைன்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர், இந்த நீக்கும் வேலையில் ஏற்படும் கோளாறுதான் நோய்க்குக் காரணமோ என்று எழுதினார். அப்போது அதை நிரூபிக்கக் கையில் கருவி எதுவும் இல்லை.

எந்த சினாப்ஸை நீக்க வேண்டும் என்று யார் குறி வைக்கிறார்கள்? 2007இல் பெத் ஸ்டீவன்ஸும் அவருடைய சகாக்களும் எலிகளின் பார்வை நரம்புப் பாதையில் காட்டியது, காம்ப்ளிமென்ட் புரதங்கள்தான் என்று. கிருமியின் மேல் ஒட்டிக்கொள்வதைப் போலவே அவை நீக்க வேண்டிய சினாப்ஸின் மேல் ஒட்டிக்கொள்கின்றன, மூளையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மைக்ரோகிளியா எனும் எதிர்ப்புச் செல்கள் வந்து அந்த சினாப்ஸை விழுங்குகின்றன. 2016 ஆய்வில் சி4 இல்லாத எலிகளைப் பார்த்தபோது அவற்றில் இந்த நீக்கும் வேலை குறைவாக நடந்திருந்தது. 2019இல் இன்னொரு ஆய்வில், நோயாளிகளின் ரத்தத்தில் இருந்து மைக்ரோகிளியா போன்ற செல்களை ஆய்வகத்தில் உருவாக்கி, பக்கத்தில் சினாப்ஸ்களை வைத்துப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களின் செல்களைவிட அவை அதிகமாக விழுங்கின.

கதை இவ்வளவு அழகாகக் கோர்வையாக வரும்போதுதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். சி4ஏ மிக அதிகமாக உற்பத்தியாகும் வடிவம் ஒருவருக்கு இருந்தால் நோய் வாய்ப்பு எவ்வளவு கூடும்? குறைந்த வடிவம் உள்ளவரைப்போல் சுமார் 1.3 மடங்கு. அடிப்படை வாய்ப்பே நூறில் ஒன்று என்பதால், ஏறத்தாழ நூறில் ஒன்று என்பது ஆயிரத்தில் பதின்மூன்று ஆகிறது. மிச்சம் 987 பேரிடம் அதே மரபணு இருக்கிறது, நோய் இல்லை. அதனால் சி4 சோதனை செய்து யாருக்கும் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அப்படி ஒரு சோதனையை யாராவது விற்றால் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கெட்ட மரபணு என்று இதைத் திட்டவும் முடியாது. 2020இல் மெக்கரால் குழுவினர் சி4ஐ லூபஸ் (தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பலவற்றைத் தாக்குவது), ஷோக்ரன் (கண்ணையும் வாயையும் வறளச் செய்வது) என்ற இரண்டு தன்தாக்கு நோய்களில் ஆராய்ந்தார்கள். மனச்சிதைவு வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும் அதே வடிவங்கள் இந்த இரண்டு நோய்களில் இருந்தும் பலமாகப் பாதுகாக்கின்றன. சி4 அதிகம், குறைவு என்ற வேறுபாட்டால் லூபஸ் வாய்ப்பு ஏழு மடங்கு வரையும், ஷோக்ரன் வாய்ப்பு பதினாறு மடங்கு வரையும் மாறுகிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான்: செத்த செல்களின் குப்பையை சி4 சரியாக அப்புறப்படுத்தாவிட்டால், அந்தக் குப்பையைப் பார்த்தே உடம்பு தன்னைத் தாக்கப் பழகிவிடுகிறது. ஆண்களுக்கு நடுவயது வரை சி4 அளவு பெண்களைவிடக் கூடுதலாக இருக்கிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது. லூபஸ் ஏன் பெண்களை அதிகம் தாக்குகிறது, மனச்சிதைவு ஏன் ஆண்களை இளமையில் கடுமையாகத் தாக்குகிறது என்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம். "எதிர்ப்பு சக்தியைக் கூட்டு, எல்லாம் சரியாகும்" என்ற பேச்சு இங்கே முழுசாக உடைந்துபோகிறது, கூட்டினால் ஒரு பக்கம் ஆபத்து, குறைத்தால் இன்னொரு பக்கம் ஆபத்து.

சி4 மட்டும்தான் காரணமா என்றால் அதுவும் இல்லை. 2022இல் வந்த பெரிய கூட்டு ஆய்வில் 76,755 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, மரபணுத் தொகுப்பில் 287 இடங்களுக்கு நோயோடு தொடர்பு இருக்கிறது என்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்பு மண்டலத்தில் இல்லை, நரம்பு செல்களிலும் சினாப்ஸின் வேலையிலும் சம்பந்தப்பட்டவை. ஆக இது அடிப்படையில் நரம்பு செல்களின் நோய், எதிர்ப்பு மண்டலம் அதில் ஒரு பங்காளி என்று சொல்வதுதான் நான் படித்த வரையில் நியாயமான சித்திரம். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: இந்த ஆறாவது குரோமோசோம் தொடர்பு ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கிடைத்தது. 2019இல் கிழக்கு ஆசிய மக்களிடம் செய்த பெரிய ஆய்வில் அது தென்படவில்லை, அங்கே அந்த ஆபத்தான வடிவங்கள் அரிது என்பது ஒரு காரணம். மரபணுத் தொகுப்பின் மற்ற இடங்களில் கிடைத்த முடிவுகள் இரு மக்களுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போயின. நம் பக்கம் வந்தால், சென்னையில் உள்ள மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில் முன்னால் வந்தது எட்டாவது குரோமோசோமில், நியாசின் வைட்டமினை உடம்பு கையாளும் விதத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு இடம். ஐரோப்பியரிடம் கிடைத்ததை அப்படியே எடுத்து நமக்குப் பொருத்த முடியாது, நம் மக்களின் மரபணுத் தகவல் இன்னும் நிறையச் சேர வேண்டும்.

இனி அதிகம் குழப்பம் வரும் இடம். எதிர்ப்பு மண்டலம் நேரடியாகவே சைக்கோசிஸை உண்டாக்கும் நோய் ஒன்று தனியாக இருக்கிறது. 2007இல் ஹோசெப் டால்மாவும் அவருடைய குழுவும் விவரித்த என்எம்டிஏ ரிசெப்டர் மூளையழற்சி அது (நரம்பு செல்கள் செய்தியை வாங்கிக்கொள்ள உதவும் ஒரு புரதம்தான் என்எம்டிஏ ரிசெப்டர்). முதலில் கண்டறியப்பட்டவர்கள் இளம்பெண்கள், அவர்களுக்குச் சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி இருந்தது. அந்தக் கட்டியில் நரம்புத் திசுவும் இருக்கலாம், அதை எதிர்க்க உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதம், மூளையில் இருக்கும் என்எம்டிஏ ரிசெப்டரையும் போய்த் தாக்குகிறது. கட்டி இல்லாதவர்களுக்கும் ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட இது வருகிறது. நன்றாக இருந்த பெண் சில நாட்களிலோ வாரங்களிலோ தூக்கமில்லாமல், சந்தேகத்தோடு, குரல் கேட்பதாகச் சொல்ல ஆரம்பிப்பாள். அதோடு காய்ச்சல், தலைவலி, வலிப்பு, வாயையும் நாக்கையும் விநோதமாக அசைப்பது, நினைவு தப்புவது, விறைத்துக் கிடப்பது இவற்றில் சில சேர்ந்து வரும். இப்படி வேகமாகவும் உடல் அறிகுறிகளோடும் வந்தால் 'பேய் பிடித்துவிட்டது' என்று அலைவதிலும், மனநோய் என்று மட்டும் முத்திரை குத்தி உட்கார்ந்திருப்பதிலும் நேரம் போகக் கூடாது. நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும், முதுகுத் தண்டுவட நீரில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம், கட்டி இருந்தால் அறுவை சிகிச்சை என்று வைத்தியம் இருக்கிறது, சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள். ஆனால் சைக்கோசிஸ் உள்ள பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் இல்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் சாதாரண மனச்சிதைவுக்கும் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து கொடுத்துப் பார்க்கலாமே? பார்த்தார்கள். மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மைக்ரோகிளியாவை அமைதிப்படுத்தும் என்பதால் எதிர்பார்ப்பு அதிகமாக இருந்தது, பாகிஸ்தானிலும் பிரேசிலிலும் செய்த முந்தைய சோதனை நல்ல முடிவு காட்டியது. ஆனால் பிரிட்டனில் கவனமாகச் செய்து 2018இல் வெளிவந்த சோதனையில் மினோசைக்ளினுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருவேளை நோய் வெளியே தெரியும் நேரத்துக்குள் சினாப்ஸ்கள் போய்விட்டிருக்கலாம், ஒருவேளை எல்லா நோயாளிகளுக்கும் இது காரணமில்லாமல் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்தால் அடுத்த மாதமே மருந்து வந்துவிடும் என்று நினைத்து, இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

எதிர்ப்பு மண்டல மரபணு இன்றைக்கே நோயாளிகளின் வாழ்க்கையைத் தொடும் இடம் ஒன்று உண்டு, அது மருந்தின் பக்கவிளைவு. கார்பமாசெபின் என்ற மாத்திரையை வலிப்புக்கும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கும் கொடுப்பார்கள். எச்எல்ஏ-பி 15:02 என்ற வடிவம் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை தோலும் வாயும் கண்ணும் கொப்பளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயைக் கொண்டுவரும் ஆபத்து அதிகம். 2004இல் தைவானில் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பார்த்தபோது 44 பேருக்குமே அந்த வடிவம் இருந்தது. சீனர்கள், தாய்லாந்துக்காரர்களிடம் இது அதிகம், இந்தியர்களிடமும் குறைவான அளவில் உண்டு. சிங்கப்பூரில் 2013 முதல் ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் முன் மரபணுச் சோதனை செய்வது வழக்கமான மருத்துவ நடைமுறை, அங்கே இருக்கும் தமிழர்களுக்கும் அது பொருந்தும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரையை முதல்முறையாக எழுதித் தந்தால், சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே காட்டுங்கள்.

குளோசாபின் இன்னொன்று. மற்ற மருந்துகள் கேட்காத மனச்சிதைவுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அபாயகரமாகக் குறைந்துபோகும். 1975இல் பின்லாந்தில் இப்படி எட்டுப் பேர் இறந்த பிறகு பல நாடுகளில் அந்த மருந்து ஓரங்கட்டப்பட்டு, ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடுதான் திரும்பி வந்தது. நூறில் ஒருவருக்கும் குறைவாக நேரும் இந்தப் பக்கவிளைவுக்கு எச்எல்ஏ மரபணுக்களோடு தொடர்பு இருக்கிறது என்று 2014இல் காட்டினார்கள், ஆனால் யாருக்கு வரும் என்று ஆளைச் சுட்டிச் சொல்லும் அளவுக்கு அந்தச் சோதனை இன்னும் தேறவில்லை. அதுவரை ஊசி போட்டு ரத்தம் எடுத்து எண்ணிப் பார்ப்பதுதான் வழி. ஆரம்ப மாதங்களில் வாரா வாரம் லேபுக்குப் போவது அலுப்பாகத்தான் இருக்கும், வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போகும் அம்மா அப்பாக்களின் சிரமம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வாரம்கூட விடாதீர்கள், குளோசாபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால் பாராசிட்டமால் போட்டுச் சமாளிக்காமல் அன்றைக்கே வெள்ளையணுக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.